தடுமாறிய பையனுக்கா, தவறே விடாத பெண்ணுக்கா முதல் பரிசு?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் திரைப்பாடல் போட்டி நடந்தது. என்னையும் ஒரு நடுவராக உட்கார வைத்தார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது, பாட்டு கேட்கப் பிடிக்கும். ஒரு பிளஸ் டூ பையன் டி.எம்.எஸ். பாடிய பழைய தத்துவப் பாடல் ஒன்றைப் பாடினான். சரணத்தில் மேலே போகும்போது ஓரிடத்தில் குரல் பிசிறி, கீழே விழுந்து, அடுத்த வரியில் சரியாகிவிட்டது. அவன் பாடி முடிக்கும்வரை பந்தலில் ஒருவரும் அசையவில்லை. அடுத்து, பல வருடமாகப் பாட்டு வகுப்புக்குப் போகும் ஒரு பெண் ஒரு மெலடி பாடலைப் பாடினாள். எங்கும் தவறு இல்லை. அசல் பாட்டில் இல்லாத சங்கதிகளையும் (ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் வேலைப்பாடு) சேர்த்துப் பாடினாள். என்னோடு நடுவராக இருந்த பாட்டு டீச்சர், “அவனுக்கு டெக்னிக் கிடையாது, சுருதி போய்விட்டது” என்றார். பெண்ணுக்கு முதல் பரிசு, பையனுக்கு ஆறுதல் பரிசு. கூட்டம் முணுமுணுத்தது. சினிமாப் பாட்டு பாடுகிறவர்களை எடைபோட இந்த நுட்பமெல்லாம் பார்க்கத்தான் வேண்டுமா? மனதைத் தொட்டால் போதாதா? அடுத்த வருடமும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பையனைப் பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா என்று அவன் அம்மாவும் கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

நுட்பம் பார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் முதல் பரிசை அந்தப் பையனுக்குத்தான் கொடுத்திருப்பேன். அதையும் நுட்பத்தைப் பார்த்தே கொடுத்திருப்பேன்.

நீங்களும் அந்தப் பாட்டு டீச்சரும் எதிரெதிர்க் கட்சி என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நுட்பம் என்றால் பாட்டு வகுப்பில் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடத்திலிருந்து வர்ணம் வரை சொல்லிக்கொடுப்பது என்பதில் இருவரும் ஒத்துப்போகிறீர்கள். அது வேண்டும் என்கிறார் அவர். அது இல்லாவிட்டால் என்ன என்கிறீர்கள் நீங்கள். ஆக, அந்தப் பையனிடம் நுட்பம் கிடையாது என்பதை இரண்டு பேருமே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் வழக்கு.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை முடித்துவிட்டு, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், நூலைச் சிறப்பித்து எழுதும் சிறப்புப்பாயிரம் கேட்டுப் போனார். பிள்ளைக்கு அதில் இருந்த இலக்கண வழுக்கள் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே மறுக்காமல் நாள் கடத்திக்கொண்டே வந்தார். பாரதியாரும் விடாமல் வந்துகொண்டே இருந்தார். ஒரு நாள் பிள்ளை உள்ளே ஓய்வாகப் படுத்திருந்தபோது, வெளியே காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளைத் தமக்குத் தாமே பாட ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் மனம் கரைந்துவிட்டது. பாயிரமும் எழுதிக் கொடுத்தார். உ.வே. சாமிநாதையர் வழியாக நமக்குக் கிடைத்திருக்கும் செய்தி இது.

இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் இலக்கணம் தோற்றது, உருக்கம் ஜெயித்தது என்று முடிப்பார்கள். அந்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. பாரதியார் உருக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தவரா? திருவிடைமருதூரில் ராமதாஸ் என்பவரிடம் இந்துஸ்தானி இசை படித்தவர். கர்நாடக இசையில் தேர்ந்தவர். ஒரு சொல்லை எந்த ஸ்வரத்தில் நிறுத்தினால் அது கேள்வியாகும், எங்கே இழுத்தால் கெஞ்சலாகும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. அவர் இடறியது யாப்பில். இசையில் அவர் இடறவே இல்லை. ஏட்டில் படித்தபோது பிள்ளைக்கு ஒரு கலையின் பிழை கண்ணில் பட்டது, பாடிக் கேட்டபோது இன்னொரு கலையின் தேர்ச்சி காதில் விழுந்தது. உருகவைத்ததும் ஒரு நுட்பம்தான். பிள்ளை அதுவரை அளந்துகொண்டிருந்தது வேறொன்றை.

உங்கள் பந்தலிலும் இதுதான் நடந்திருக்கிறது. ஊர்க்கோயில் திருவிழாவில் பந்தல் அசையாமல் உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. பக்கத்தில் ராட்டினம் சுற்றும், பலூன்காரர் பீப்பி ஊதுவார், பிள்ளைகள் ஓடும். அத்தனைக்கும் நடுவில் ஒரு பையன் எல்லாரையும் நிறுத்தி வைத்தான் என்றால் அவன் ஏதோ ஒன்றை மிகச் சரியாகச் செய்திருக்கிறான். அது என்ன என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் நடுவரின் வேலை. என் ஊகம் இது: அவன் சொற்களைத் தெளிவாகச் சொன்னான். வரியின் நடுவில் மூச்சு வாங்கி அர்த்தத்தை இரண்டாக உடைக்கவில்லை. தத்துவப் பாடலில் ஒவ்வொரு வரியும் ஒரு வாதம். கேட்பவர் அதை வாங்கிக்கொள்ள ஒரு நொடி வேண்டும். அந்த நொடியைக் கொடுத்துப் பாடத் தெரிந்தவர்கள் குறைவு. இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்க முயன்றால் மாதக்கணக்கில் ஆகிறது.

சரி, “சுருதி போய்விட்டது” என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். கும்பகோணத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். குரல் பிசிறுவது வேறு, சுருதி சேராமல் பாடுவது வேறு. சுருதி சேராதவருக்கு, தான் விலகி நிற்பதே காதில் விழாது. விலகிய இடத்திலேயே அடுத்த வரியையும் பாடுவார், பல்லவிக்குத் திரும்பும்போதும் அப்படியே இருக்கும். குரல் பிசிறுகிறவர் போக வேண்டிய இடம் எது என்று தெரிந்தே போகிறார். தொண்டை அந்த நேரம் ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பையன் கீழே விழுந்து, “அடுத்த வரியில் சரியாகிவிட்டது” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விழுந்த இடத்திலிருந்து, பாட்டுக்கு அடிப்படையான ஆதார ஸ்ருதிக்கு நேராகத் திரும்பி வருவதற்குக் காது வேண்டும். சுருதி ஞானம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

அவன் ஏன் பிசிறினான் என்பதையும் யோசிக்க வேண்டும். பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் ஒலிக்கும் கரோக்கி டிராக் பெரும்பாலும் அசல் பாட்டின் சுருதியிலேயே இருக்கும். டி.எம்.எஸ். மேலே நின்று முழங்கிய குரல். பிளஸ் டூ பையனுக்குக் குரல் உடைந்து அதிக நாள் ஆகியிருக்காது. பெரியவர்களே ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியில்தான் வசதியாகப் பாடுகிறார்கள். அவனை அசல் டிராக்கில் கொண்டுபோய் நிறுத்தினால் தொண்டை கிழியத்தான் செய்யும். டிராக்கை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக் கொடுக்கும் செயலிகள் இப்போது கைப்பேசியிலேயே இருக்கின்றன. இதை அவனுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வருடம் போட்டி அறிவிப்பிலேயே, “அவரவர் குரலுக்கு ஏற்ற சுருதியில் டிராக் கொண்டு வரலாம்” என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். பாதிப் பிசிறு அதிலேயே போய்விடும்.

நுட்பம் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதற்கு நம் ஊர்களிலேயே போதுமான சாட்சி இருக்கிறது. மைக் வருவதற்கு முந்தைய நாடக மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை கிட்டப்பாவும், 1910-ல் மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரும் அவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடியதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்டாக வேண்டும். அன்றைக்கு அதுதான் முதல் நுட்பம். அப்புறம் மைக் வந்தது, ஒலிப்பதிவு வந்தது. காதோரம் பேசுவதுபோல் பாடிய ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் வந்தார்கள். அவர்களை மைக் இல்லாத நாடக மேடையில் ஏற்றியிருந்தால் மூன்றாவது வரிசைக்குக் கேட்டிருக்காது. அதனால் அவர்களுக்குத் திறமை குறைவு என்று யாராவது சொல்வார்களா? மெல்லிய குரலில் ஒரு நீண்ட ஸ்வரத்தை ஆடாமல் பிடித்து நிறுத்துவது, உரக்கப் பாடி நிறுத்துவதைவிடக் கடினம். சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு நிமிடம் முயன்று பாருங்கள்.

இன்னும் கிட்டே வருகிறேன். சீர்காழியும் நாகூரும் நம் காவிரி டெல்டாவில் இருக்கும் ஊர்கள். சீர்காழி கோவிந்தராஜன் முறையாகப் படித்தவர். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பயின்று, முழுக் கச்சேரியும் செய்தவர். நாகூர் இ.எம். ஹனிபா முறைப்படி சங்கீதம் படித்தவர் அல்லர். இருவருடைய பாட்டும் நம் டெல்டாவில் ஒலிபெருக்கியில் வயல் தாண்டி, ஆறு தாண்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஹனிபாவைப் பாட்டு டீச்சரின் தாளில் வைத்து எடைபோட்டால் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு மதிப்பெண் குறையும், வேகமாக உருட்டிப் பாடும் பிருகாவுக்குக் கிடைக்காது. ஆனால் ஒரு ஸ்வரத்தை நேராக, நடுக்கமில்லாமல், நெஞ்சிலிருந்து எடுத்து அத்தனை கனத்தோடு நிறுத்த யாரால் முடிந்தது? பொதுக்கூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர் முன்னால் ஒரு எழுத்துகூட மங்காமல் பாட யாரால் முடிந்தது? பாட்டு ஒரு வேண்டுகோளாக இருந்தால், அதில் பிருகா போடுவது வேண்டுகோளைக் கெடுக்கும். அவர் போடவில்லை. தெரியாததால் போடவில்லை என்றுகூடச் சொல்லிக்கொள்ளுங்கள், பாட்டுக்குத் தேவைப்படவில்லை என்பதே எனக்கு முக்கியம்.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் கர்நாடக இசையை முறையாகப் படிக்காதவர் என்பதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு முதல் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது, ஒரு சங்கீத வித்வானைப் பற்றிய தெலுங்குப் படத்தின் பாட்டு. இதை வைத்துப் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் படத்துக்கு இசை கே.வி. மகாதேவன். பாட்டை ராகத்தோடு பிடித்துப் பாடகரிடம் சேர்க்கப் பக்கத்தில் அவருடைய உதவியாளர் புகழேந்தி இருந்தார். கேட்டதைக் கேட்டபடி வாங்கி, தன் குரலில் திருப்பிக் கொடுப்பது எஸ்.பி.பி.யின் நுட்பம். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, வாங்கிக்கொள்ளக் காது இருந்தது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். “மனதைத் தொட்டால் போதாதா” என்ற கேள்வியில் ஒரு ஆபத்து இருக்கிறது. தொட்டது யார்? ஒரு பழைய திரைப்பாடலை மேடையில் எடுத்தாலே பாதி வேலையை அதை எழுதியவரும் மெட்டமைத்தவரும் எப்போதோ செய்து முடித்திருப்பார்கள். அப்பாவை இழந்த ஒருவர் அப்பா பாட்டைக் கேட்டால் யார் பாடினாலும் கண் கலங்குவார். அந்தக் கண்ணீரைப் பாடினவன் கணக்கில் வரவு வைத்தால் நியாயமாகாது. சொந்தக்காரர் கைத்தட்டல், தெருக்காரர் விசில், இவையும் ஊர்ப்போட்டியில் உண்டு. பாட்டுக்குச் சேர வேண்டியதையும் பாடுகிறவனுக்குச் சேர வேண்டியதையும் பிரிக்கத் தெரிய வேண்டும். அதற்குச் சங்கீதம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. அதே பாட்டை வேறு சிலர் பாடிக் கேட்டிருந்தால் போதும். உங்களுக்குக் கேட்கப் பிடிக்கும் என்கிறீர்களே, அந்தத் தகுதி சின்னது என்று எண்ண வேண்டாம்.

ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு பாடகருக்கு நுட்பம் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்வது இப்போது இன்னும் சிக்கல். குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் 1997-ல் வந்தது. எண்ணெய் தேட நிலத்துக்குள் ஒலியலை அனுப்பி ஆராயும் கணக்கில் வேலை பார்த்த ஒருவர் உருவாக்கியது. எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்துக் கவலைப்படும் நம் டெல்டாக்காரர்களுக்கு அந்த ஆராய்ச்சி புதிதில்லை, அதிலிருந்து பாட்டுக்கும் ஒரு கருவி வந்தது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். இன்று பாட்டை வரி வரியாகப் பாடி ஒட்டுகிறார்கள், சுருதியைத் திருத்துகிறார்கள், தாளத்தை நகர்த்தி வைக்கிறார்கள். ஆகவே பதிவில் சுருதி சுத்தமாக இருக்கிறது என்பதால் பாடினவரைப் புகழவும் முடியாது. சொல்லின் உயிர், குரலின் தன்மை, எந்த இடத்தில் அழுத்தம், எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தல், இவை இன்னும் பாடுகிறவருடையவைதான். மேடையில் நேரில் பாடுகிற ஒரு பிளஸ் டூ பையனுக்கு இந்த உதவி எதுவும் கிடையாது. கைப்பேசியில் துல்லியமான சுருதியையே கேட்டுப் பழகிய நம் காதால் அவனை அளப்பது கொடுமை.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் மேல் தவறு இல்லை, நன்றாகப் படித்திருக்கிறாள். ஆனால் மெலடி பாட்டில் மெட்டமைத்தவர் ஒரு ஸ்வரத்தை வெறுமனே விட்டிருந்தால் காரணத்தோடுதான் விட்டிருப்பார். அங்கே சங்கதி போட்டு நிரப்பும்போது, பாட்டு விலகி, பாடுகிறவரின் பயிற்சி முன்னால் வந்து நிற்கிறது. கீர்த்தனையில் சங்கதி என்பது சாகித்தியத்தை, அதாவது பாடலின் சொற்களை, ஒவ்வொரு படியாகத் திறப்பதற்கு. திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளைக் கற்றவர்களுக்கு இது தெரியும். அதே பழக்கத்தைக் காதல் பாட்டிலோ தாலாட்டிலோ கொண்டுபோய் வைத்தால் பாட்டின் பாவம் (உணர்ச்சி) கலைந்துவிடும். எங்கே கமகத்தை அடக்கிப் பாட வேண்டும் என்பதும் ஒரு பாடம். அவளுடைய ஆசிரியர் இதைச் சொல்லிக்கொடுத்தால் அவள் இந்தப் பையனைவிடப் பெரிய பாடகியாக வர முடியும். முதல் பரிசு கிடைத்துவிட்டதால் அதை யாரும் இனி சொல்ல மாட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

வாத்தியக்காரர்கள் விஷயத்திலும் இதே கதைதான், அதிகம் விரிக்கவில்லை. தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நீடாமங்கலம் உங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த மண்ணில் கணக்குத் தெரியாத கூட்டத்துக்கும் லயம் தெரியும். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் மல்லாரி ஆரம்பித்ததும் ஜனங்களின் நடை தானாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிசைக் குழுவில் தபேலா வாசிக்கிறவரைப் பார்க்கும்போதும் விரல் வேகத்தைப் பார்க்காதீர்கள். பாடுகிறவர் பதற்றத்தில் ஓட ஆரம்பித்தால் அவரைப் பிடித்து நிறுத்துகிறாரா என்று பாருங்கள். நடவுப் பாட்டில் முன்பாட்டு எடுக்கும் அம்மா அத்தனை பேர் கையையும் ஒரே காலத்தில் இறக்குகிறாரே, அந்த வித்தைதான் இதுவும்.

அடுத்த வருடம் தாராளமாகப் போங்கள். முடிந்தால் மதிப்பெண் தாளை மாற்றச் சொல்லுங்கள். பல போட்டிகளில் சுருதி, தாளம், பாவம் என்று மூன்று கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் என்று வைத்துவிடுகிறார்கள். உச்சரிப்புக்கு இடமே இருக்காது. தமிழ்ப் பாட்டுப் போட்டியில் ழகர ளகரத்துக்கு இடமில்லை என்றால் அது என்ன போட்டி? அந்தக் கட்டத்தை நீங்கள் கேட்டு வாங்குங்கள், அதில் உங்களைவிட நல்ல நடுவர் கிடையாது. தாளில் எழுதத் தொடங்குவதற்கு முன்னால், இந்தப் பாட்டு என்ன கேட்கிறது என்று உங்களுக்கு நீங்களே ஒரு வரியில் சொல்லிக்கொள்ளுங்கள். குத்துப்பாட்டு என்றால் உற்சாகமும் தாளமும். அங்கே மூச்சு கொஞ்சம் இரைத்தால் மன்னிக்கலாம், தாளம் தவறினால் மன்னிக்கக் கூடாது. தாலாட்டு என்றால் நேர்மாறு. கடைசிச் சுற்றில் டிராக்கை நிறுத்திவிட்டு, சுருதிப் பெட்டியை மட்டும் வைத்துப் பல்லவியும் ஒரு சரணமும் பாடச் சொல்லுங்கள். எதிரொலியும் இசைக்கருவிகளும் இல்லாமல் நிற்கும்போது யாரிடம் என்ன இருக்கிறது என்பது உங்கள் காதுக்கே தெரிந்துவிடும், டீச்சரைக் கேட்க வேண்டியிருக்காது. அந்த டீச்சரையும் விலக்கிவிடாதீர்கள். சுருதி சேராமல் பாடுகிறவரைக் கூட்டம் கொண்டாடும் நாளும் வரும், அன்றைக்கு அவர் தேவைப்படுவார்.

பையனைப் பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா? கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். குரலைக் காப்பாற்றிக்கொள்ளவாவது அவனுக்குப் பயிற்சி வேண்டும். மேல் ஸ்தாயியில் இப்படியே கத்திக்கொண்டிருந்தால் சில வருடத்தில் குரல் கரகரத்துவிடும். திருவாரூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்தோடு தேவாரமும் சொல்லித்தருகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிறகு அங்கே சேர்வதை யோசிக்கலாம். அதுவரை உள்ளூரில் ஒருவரிடம் வாரம் இரண்டு நாள் போனாலும் போதும்.

என்னைக் கேட்டால் அவனுக்குத் தேவாரத்தைத்தான் சிபாரிசு செய்வேன். ஓதுவார்கள் சுத்தாங்கமாக, தாளமில்லாமல் பாடும்போது சொல்தான் முன்னால் நடக்கும், ராகம் அதற்குப் பின்னால் வரும். அவனுடைய பலம் சொல்லில் இருக்கிறது, ஆகவே பயிற்சியும் அங்கிருந்தே தொடங்கட்டும். மூச்சை எங்கே எடுப்பது, மேலே போகும்போது தொண்டையை இறுக்காமல் எப்படிப் போவது என்பதெல்லாம் அதிலேயே வந்துவிடும். சேர்த்துவிடும்போது ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் அவன் அம்மாவை முன்கூட்டியே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். வகுப்பில் சேர்ந்தால் சினிமாப் பாட்டு பாடக் கூடாது என்று சில இடங்களில் நிபந்தனை போடுவார்கள். அப்படிச் சொன்னால் வேறு ஆசிரியரைப் பார்க்கட்டும்.